வேற்றுலகத்தாரும் வேற்றாரும்: சந்திப்பின் அறம் பற்றிய ஒரு நோக்கு

அறியாத ஒன்றைக் கண்டு அஞ்சுதல் உயிர்களின் இயல்பு. அறியாத ஒருவரை எவ்வாறு நடத்துவது எனச் சிந்தித்தல் மனிதனுக்குரிய கடமை. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தை மனித குலம் இன்னும் முழுமையாகக் கடந்துவிடவில்லை. அண்டவெளியின் ஏதோவொரு மூலையிலிருந்து அறிவுடைய உயிர்கள் இப்புவியை வந்தடையக்கூடும் என்ற எண்ணம் கடந்த நூற்றாண்டில் வலுப்பெற்றபோது, அதனோடு கூடவே ஒரு வினாவும் பிறந்தது. அவர்களைச் சந்திப்பதால் மனிதனுக்கு நேரக்கூடிய ஆபத்து யாது?

இவ்வினாவைச் சிலர் விஞ்ஞானிகளிடம் ஒப்படைத்துவிட்டனர். வேறு சிலர் திரைப்படக்காரரின் பொழுதுபோக்குச் சரக்கென ஒதுக்கிவிட்டனர். உண்மையில் இஃது ஓர் அறவியல் வினாவாகும். ஆங்கிலத்தில் ‘ஏலியன்’ என்னும் ஒரே சொல் வேற்றுலகத்தாரையும் குறிக்கும். ஒரு நாட்டின் பிரசையல்லாத வேற்றாரையும் குறிக்கும். தமிழில் இவ்விரு பொருளுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டெனினும், இரண்டின் அடியிலும் உள்ள மனநிலை ஒன்றே. நம்மவன் அல்லாத ஒருவன் நம் வாசலில் வந்து நிற்கிறான். அவன் யார், எதற்காக வந்தான், அவனை என்ன செய்வது என்பதே அது. ஆகவே விண்ணிலிருந்து வரக்கூடியவரைப் பற்றிய வினாவுக்கு விடை தேடுபவர், மண்ணில் ஏற்கெனவே நிகழ்ந்துவிட்ட சந்திப்புக்களை முதலில் நோக்குதல் வேண்டும்.

வானத்தில் கண்டவை

பறக்கும் தட்டுக்கள் பற்றிய கதைகளின் வரலாறு அத்துணைப் பழைமையானதன்று. 1947ஆம் ஆண்டு யூன் 24ஆந் திகதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறு விமானமொன்றைச் செலுத்திச் சென்ற கெனத் ஆர்னல்ட் என்பவர், மிகுந்த வேகத்தில் பறந்த ஒன்பது பொருள்களைக் கண்டதாகக் கூறினார். நீரின்மேல் எறியப்பட்ட தட்டுத் தத்திச் செல்வது போல அவை அசைந்தன என்று அவர் சொன்னது அசைவுக்குக் கூறிய உவமை. பத்திரிகைகளோ அதனை வடிவமாக்கி, ‘பறக்கும் தட்டு’ என்னும் பெயரைச் சூட்டின. அதன்பின் கண்டவர்களுட் பலர் தட்டு வடிவத்தையே கண்டனர். கண் காண்பதைச் சொல் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று தேவையில்லை.

அமெரிக்க விமானப்படை ‘நீலப் புத்தகத் திட்டம்’ என்ற பெயரில் 1969 வரை நடத்திய ஆய்வில் 12,618 காட்சிகள் பதிவாகின. அவற்றுள் 701 மட்டுமே இன்னதென இனங்காணப்படாதவையாக எஞ்சின. எஞ்சியவை வேற்றுலக ஊர்திகள் என்பதற்குச் சான்று ஏதும் கிட்டவில்லை. 2024ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அந்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் வெளியிட்ட வரலாற்று அறிக்கையும் அதே முடிவையே கூறியது. விளக்கப்படாத ஒன்று வேறு, வேற்றுலகத்திற்குரியதென விளக்கப்பட்ட ஒன்று வேறு. இவ்விரண்டையும் மயங்க வைப்பதிலிருந்தே பெரும்பாலான கதைகள் பிறக்கின்றன.

இலங்கையும் இக்கதைகளுக்குப் புறம்பானதன்று. மாத்தளைக்கும் தம்புள்ளைக்கும் இடையே, கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையில் அமைந்த சிற்றூர் நாவுல. அங்கிருந்து கிழக்கே பிரியும் வீதி எலஹெர, பக்கமூன வழியாகப் பொலன்னறுவைச் சமவெளியை நோக்கி இறங்குகிறது. அச்சமவெளிக்கு அப்பால், அரலகன்விலப் பகுதியிலுள்ள வட்ட வடிவமான தனிகல என்னும் பாறைமலையை ‘வேற்றுக்கிரகவாசிகளின் மலை’ எனப் பலர் அழைப்பர். அதே அரலகன்விலவில் 2012ஆம் ஆண்டு திசெம்பர் 29ஆந் திகதி வானிலிருந்து தீப்பிழம்பொன்று வீழ்ந்ததாகவும், கற்கள் பொறுக்கப்பட்டதாகவும் செய்தி பரவியது. கொழும்பிற் பிறந்த வானியலாளர் சந்திர விக்கிரமசிங்கவும் அவர்தம் குழுவினரும் அக்கற்களில் நுண்ணிய பாசியுயிர்களின் சுவடுகளைக் கண்டதாக 2013இல் அறிவித்தனர். அவை நன்னீரில் வாழும் இப்புவிப் பாசிகளே என்றும், அக்கல் விண்கல் என்பதே நிறுவப்படவில்லை என்றும் ஏனைய விஞ்ஞானிகள் மறுத்தனர். 2001இல் கேரளத்திற் பெய்த செந்நிற மழையையும் சிலர் விண்ணுயிர்களோடு தொடர்புபடுத்தினர். உத்தியோகபூர்வ ஆய்வோ மரங்களிற் படரும் ஒருவகைப் பாசியின் வித்திகளே அந்நிறத்துக்குக் காரணம் எனக் கண்டது.

இவற்றிலிருந்து பெறப்படுவது யாது? வேற்றுலகத்தார் இங்கு வந்ததற்கு இற்றைவரை ஏற்கத்தக்க ஆதாரம் இல்லை. ஆயினும் எண்ணிறந்த விண்மீன்களைக் கொண்ட அண்டத்தில் அறிவுடைய உயிர் இப்புவியில் மட்டுமே தோன்றிற்று என்று அறுதியிட்டுரைக்கவும் எவராலும் இயலாது. நிகழ்வதற்கு முன்பே சிந்திக்கப்படவேண்டிய வினாக்கள் சில உள. இஃது அவற்றுள் ஒன்று. நிகழ்ந்தபின் சிந்திக்க அவகாசம் கிடைக்காது என்பதை வரலாறு காட்டுகின்றது.

கடல்வழி வந்தோர்

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கொழும்புக்கு வந்தபோது, கரையிற் கண்டவர்கள் கோட்டை அரசனுக்குக் கொண்டு சென்ற செய்தியை இராஜாவலிய கூறுகிறது. இரும்பு அணிந்த வெண்ணிற மனிதர்கள் வந்திருக்கின்றனர். ஓரிடத்தில் நிலையாக நில்லாமல் உலாவுகின்றனர். கல்லைத் தின்று குருதியைக் குடிக்கின்றனர் என்பது அச்செய்தியின் சாரம். அவர்கள் தின்றது ரொட்டி, குடித்தது திராட்சை மது. இவ்வறிக்கையைப் படித்து இன்று நகைப்பது எளிது. ஆனால் வேற்றுலகத்தாரைச் சந்திக்கும் மனிதனின் முதலாவது அறிக்கையும் இத்தகையதாகவே இருக்கும். கண்டது பொய்யன்று, கண்டதற்கு இட்ட பெயரே பொய்.

இச்சந்திப்பில் ஈண்டு நோக்கற்பாலது பிறிதொன்று. ஆபத்து முதல் நாளிலே பீரங்கியின் வடிவில் வரவில்லை. முதலில் வந்தது வாணிபம்; அடுத்து வந்தது உடன்படிக்கை. 1521இல் கோட்டை இராச்சியம் சகோதரர் மூவரிடையே பிரிந்தது. தம்பி மாயாதுன்னைக்கு எதிராகப் புவனேகபாகு போர்த்துக்கேயரின் துணையை நாடினான். அந்நியனின் வலிமை நாட்டுக்குள் நுழைந்த வாயில் இதுவே. வடக்கில் யாழ்ப்பாண அரசும் 1619இல் வீழ்ந்தது. வேற்றாருடனான சந்திப்பில் பேராபத்து அவர்களுடைய கருவிகளில் மட்டும் தங்கியிருப்பதில்லை. அவர்களைத் தத்தம் பகைவருக்கு எதிராகப் பயன்படுத்தலாம் என எண்ணும் நம்மவரின் பிளவிலும் தங்கியிருக்கிறது. நாளை விண்கலமொன்று இறங்குமாயின், வல்லரசுகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு அதன் நட்பை நாடமாட்டா என்று நம்புவதற்கு வரலாறு இடந்தரவில்லை.

வங்காள விரிகுடாவின் அந்தமான் தீவுகள் இன்னும் கொடிய பாடத்தைத் தருகின்றன. 1858இல் பிரித்தானியர் போட் பிளேயரில் கைதிகளின் குடியேற்றமொன்றை நிறுவியபோது, பெரிய அந்தமானியர் எனப்பட்ட பழங்குடியினர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர் என மதிப்பிடப்படுகிறது. 1961ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியவர் 19 பேர். துப்பாக்கி கொன்றவர்களைவிட நோய் கொன்றவர்களே அதிகம். தட்டம்மை முதலான, வந்தவருக்குச் சாதாரணமான நோய்கள் இருந்தவருக்கு எமனாயின. கொல்லும் எண்ணமில்லாத ஒருவனின் மூச்சே கொல்லக்கூடும் என்பது இச்சந்திப்பின் கொடுமை. எச்.ஜி. வெல்ஸ் 1898இல் வெளியிட்ட உலகங்களின் போர் என்ற நாவலில் செவ்வாய்க் கிரகத்தவர் புவியின் நுண்ணுயிர்களால் மடிகின்றனர். வரலாற்றில் இது பெரும்பாலும் மறுதலையாகவே நடந்தது. வந்தவர் வாழ்ந்தனர், இருந்தவர் மடிந்தனர்.

அத்தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த வட சென்டினல் தீவில் 1880ஆம் ஆண்டு நடந்ததை ஒரு பறக்கும் தட்டுக் கதை போலவே சொல்லலாம். பிரித்தானிய அதிகாரி போட்மன் என்பவர் ஆயுதந் தாங்கிய குழுவோடு இறங்கி, ஒரு முதிய தம்பதியரையும் நான்கு குழந்தைகளையும் பிடித்துப் போட் பிளேயருக்குக் கொண்டு சென்றார். அவர்களை அறிந்துகொள்வதே நோக்கமாகக் கூறப்பட்டது. எல்லோரும் நோயுற்றனர், முதியவர் இருவரும் இறந்தனர். குழந்தைகள் பரிசுப் பொருள்களோடு திருப்பி அனுப்பப்பட்டனர். வேற்றுக்கிரகவாசிகள் மனிதரைக் கடத்திச் சென்று ஆராய்ந்து திருப்பி அனுப்புவதாக அமெரிக்கரிடையே பின்னாளில் எழுந்த கதைகளை நம்புவதா வேண்டாமா என்று மனிதர் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர். சென்டினல் தீவினருக்கோ அது கதையன்று. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் அத்தீவின்மேற் பறந்த இந்திய ஹெலிகொப்டரை அவர்கள் வில்லும் அம்பும் கொண்டு எதிர்கொண்டனர். அவர்கள் கண்களுக்கு அதுவே இனங்காணப்படாத பறக்கும் பொருள். அவர்களுடைய அச்சத்தை அறியாமை என்று எவரும் எள்ளி நகையாட இயலாது.

உயர்ந்த அறிவு உயர்ந்த அறமா?

இங்கே ஒரு தடை எழும். விண்மீன்களுக்கிடையே பயணம் செய்யும் வல்லமை பெற்ற சமூகம் தன்னைத் தானே அழித்துக்கொள்ளாது நெடுங்காலம் வாழ்ந்திருக்க வேண்டும். அவ்வாறு வாழ்வதற்குப் போரைத் துறந்திருக்க வேண்டும். ஆகவே நம்மை நாடி வருபவர் நல்லவராகவே இருப்பர் என்பர் சிலர். இலங்கையை 1956 முதல் தம் வாழ்விடமாகக் கொண்டு 2008இல் கொழும்பிலேயே மறைந்த ஆதர் சி. கிளாக், 1953இல் வெளியிட்ட குழந்தைப் பருவத்தின் முடிவு என்னும் நாவலில், விண்ணிலிருந்து வந்தோர் போரை ஒழித்து மனிதருக்குச் செல்வத்தையும் அமைதியையும் வழங்குவதாகக் காட்டினார். ஆனால் அந்நாவலின் முடிவு மனித குலம் தன் வடிவில் தொடர்வதாக இல்லை. நல்லெண்ணம் படைத்தவராலும் ஓர் இனத்தின் வாழ்வு முடிவுக்கு வரலாம் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அறிவும் அறமும் ஒரே வேகத்தில் வளர்வன அல்ல. அணுவைப் பிளக்கும் நுட்பத்தை எய்திய அதே தலைமுறைதான் 1945இல் ஹிரோஷிமாவையும் நாகசாகியையும் எரித்தது. ஒரு சமூகம் தன் உறுப்பினரிடையே அமைதி பேணுவது, தன்னிற் சேராத பிறரிடமும் அது அவ்வாறே நடக்கும் என்பதற்கு உறுதியாகாது. தம் நாட்டில் பாராளுமன்றமும் சட்டத்தின் ஆட்சியும் பேணியவர்களே கடல் கடந்த நாடுகளில் அவற்றை மறுத்தனர். மேலும், தீங்கு செய்வதற்குத் தீய எண்ணம் வேண்டியதில்லை, அலட்சியமே போதும். 1983இல் மாதுறு ஓயா தேசிய பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது எவரும் வேடுவரைப் பகைக்கவில்லை. வனவிலங்குகளையும் நீரேந்து பகுதியையும் காப்பதே நோக்கம். ஆயினும் தலைமுறை தலைமுறையாக அவர்கள் வேட்டையாடிய காடு ஒரே நாளில் அவர்களுக்கு விலக்கப்பட்ட காடாயிற்று. தம்பானையில் தங்கியோரும், புதிய குடியேற்றங்களுக்குச் சென்றோரும் தம் வாழ்முறையையே மாற்றிக்கொள்ள நேர்ந்தது. வலியவன் நல்லவனாக இருந்தாலும், எளியவனைக் கேளாமல் அவனுக்காகத் தீர்மானிக்கும்போது தீங்கு விளைகிறது.

எனவே ஆபத்தின் வேர் வந்தவரின் குணத்தில் அன்று. இரு தரத்தாருக்கும் இடையிலான வலிமையின் ஏற்றத்தாழ்விலும், வலியவரைக் கேள்வி கேட்க எவருமில்லாத நிலையிலும் உள்ளது. 2010இல் ஸ்டீபன் ஹோக்கிங், வேற்றுலகத்தாரின் வருகை கொலம்பசின் வருகை அமெரிக்கப் பழங்குடியினருக்கு விளைவித்ததையே விளைவிக்கலாம் என எச்சரித்ததன் பொருளும் இதுவே.

யாருடைய குரல்?

வேற்றுலகத்தார் வருவதற்குக் காத்திராமல் மனிதனே அவர்களை அழைக்கத் தொடங்கிவிட்டான். 1974ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் திகதி, புவேர்ட்டோ றிக்கோவின் அரசிபோ வானொலித் தொலைநோக்கியிலிருந்து 1,679 குறிகளாலான செய்தியொன்று, ஏறத்தாழ 25,000 ஒளியாண்டுகளுக்கு அப்பாலுள்ள விண்மீன் கூட்டத்தை நோக்கி அனுப்பப்பட்டது. அவ்வாண்டில் நோபெல் பரிசு பெற்ற வானியலாளர் மார்ட்டின் றைல் இதனைக் கண்டித்தார். அங்கே பசியோ பகையோ கொண்ட உயிர்கள் இல்லை என்பதற்கு யார் உறுதி என்பது அவர்தம் கவலை. அச்செய்தி சென்றடைய 25,000 ஆண்டுகள் ஆகும் என்பதால் அக்கவலை சிலருக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் றைல் எழுப்பிய வினா தூரத்தைப் பற்றியதன்று, உரிமையைப் பற்றியது. உலகத்தார் அனைவரின் பெயராலும் ஒரு செய்தியை அனுப்ப ஒரு சிலருக்கு உரிமை வழங்கியவர் யார்?

1977இல் ஏவப்பட்ட வொயேஜர் விண்கலங்கள் இரண்டிலும் பொன்முலாமிட்ட இசைத்தட்டு ஒவ்வொன்று வைக்கப்பட்டது. அதில் 55 மொழிகளில் வாழ்த்துக்கள் உள்ளன. பேசுவோர் அற்றுப்போன சுமேரியம், அக்காடியம், ஹிற்றைற்று ஆகியவை உள்ளன. சிங்களமும் தெலுங்கும் கன்னடமும் உள்ளன. தமிழ் இல்லை. இதிற் காழ்ப்புணர்ச்சி ஏதும் இருந்ததாகக் கருத வேண்டியதில்லை. சிறு குழுவொன்று குறுகிய காலத்தில், பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகத்தைச் சூழக் கிடைத்தவர்களின் குரல்களைக் கொண்டு தொகுத்த தொகுப்பு அது. தமிழ் விடுபட்டது பெருங்குறையென வாதிடுவதும் இங்கு நோக்கமன்று. நல்லெண்ணத்தோடு தொகுத்தவர்களின் கையிலும் கோடிக்கணக்கானோர் பேசும் வாழும் மொழியொன்று நழுவிப்போகும் என்பதே கருதத்தக்கது. அத்தட்டில் மனித குலத்தின் சார்பாக அமைதியை வாழ்த்திப் பேசியவர் ஐக்கிய நாடுகள் சபையின் அன்றைய செயலாளர் நாயகம் குர்ட் வால்ட்ஹைம். இரண்டாம் உலகப் போரில் நாசி ஜேர்மனியின் படையில் பால்கன் பகுதியிற் பணியாற்றியதை அவர் மறைத்திருந்தார் என்பது 1986இல் உலகறிய வெளிப்பட்டது. அக்குரலை இனித் திருப்பியழைக்க இயலாது. மனித குலத்தின் பிரதிநிதி யாரென்பதைப் புவியிலேயே தீர்மானிக்க இயலாதவர்கள், அண்டத்தில் அதைத் தீர்மானித்துவிட்டதாகக் கருதினர்.

1989இல் விண்வெளி ஆய்வாளர்கள் வகுத்த கோட்பாடுகளின்படி, வேற்றுலகச் சமிக்ஞை கிடைப்பின் அதனை முதலிற் பலரும் சரிபார்த்தல் வேண்டும். மறைக்காது அறிவித்தல் வேண்டும். சர்வதேச ஆலோசனையின்றி மறுமொழி அனுப்பலாகாது. இவை சட்ட வலுவற்றவை. எனினும் இவற்றின் அடிப்படை நேர்மையானது. செவிமடுப்பதற்கு எவரின் அனுமதியும் வேண்டியதில்லை. அழைப்பதற்கு அனைவரின் இணக்கமும் வேண்டும்.

மனிதனே ஆபத்தாகும் வேளை

இதுவரை கூறியவை வேற்றாரால் மனிதனுக்கு நேரும் ஆபத்துப் பற்றியவை. மறுபக்கமும் உண்டு. 1967ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் பிற கோள்களை மாசுபடுத்தலாகாது என நாடுகளைக் கட்டுப்படுத்துகிறது. ஆயினும் 2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் சந்திரனில் மோதிச் சிதறிய இஸ்ரேலியத் தனியார் விண்கலத்தில், எளிதில் அழியாத நுண்ணுயிர் விலங்குகள் ஆயிரக்கணக்கில் வைக்கப்பட்டிருந்தமை பின்னரே வெளிவந்தது. அந்தமானில் நிகழ்ந்ததை மனிதன் மறந்தான். செவ்வாயிலோ வேறெங்கோ நுண்ணுயிர் இருக்குமாயின், அங்கே வேற்றுலகவாசி மனிதனே. நோய் கொண்டு செல்பவனும் அவனே.

அண்மையில் உள்ள சான்று இன்னும் கசப்பானது. 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கையின் பல பாகங்களில் ‘கிறீஸ் பூதம்’ என்னும் மர்ம மனிதன் பற்றிய அச்சம் பரவியது. மலையகத் தோட்டங்களிலும் கிழக்கிலும் வடமேற்கிலும் மக்கள் இரவில் உறங்காது காவல் நின்றனர். ஊருக்குப் புதியவர்கள் பிடித்துத் தாக்கப்பட்டனர். உயிர்கள் பலியாயின. புத்தளத்திற் கலகத்தை அடக்க முனைந்த பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரும் கொல்லப்பட்டார். அச்சம் முற்றிலும் காரணமற்றது எனக் கூறுவதற்கில்லை. பெண்கள் சிலர் தாக்கப்பட்டதாக முறைப்பாடுகள் இருந்தன, அவற்றை விசாரிக்க வேண்டியோர்மீது மக்களுக்கு நம்பிக்கை இருக்கவில்லை. ஆனால் பூதம் எவர் கையிலும் அகப்படவில்லை. அகப்பட்டவர் எல்லோரும் மனிதரே. அறியாத ஒன்றைப் பற்றிய அச்சம் அடுத்த வீட்டு மனிதனையே வேற்றுலகவாசியாக்கிவிடும். 1997இல் அமெரிக்காவில் ‘சுவர்க்க வாயில்’ என்ற குழுவைச் சேர்ந்த 39 பேர், வால்வெள்ளியின் பின்னால் வரும் விண்கலம் தம்மை அழைத்துச் செல்லுமென நம்பி உயிர் துறந்தனர். அங்கே அச்சத்தின் இடத்தில் ஆசை இருந்தது, விளைவு மரணமே. வேற்றுலகத்தார் வராமலே அவர்களின் பெயரால் நிகழும் உயிரிழப்பு இது.

வேற்றாராகக் கருதப்பட்டோரின் வரலாற்றை நாவுலவின் நெடுஞ்சாலையே சொல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து, நாவுலவையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் வீழ்ந்தோர் பலர். நோயாற் சாகின்றவர்களே நோயைக் கொண்டு வருபவர்கள் என்றும் அஞ்சப்பட்டனர். பிழைத்தவர்கள் மலையைப் பொன் விளையும் பூமியாக்கினர். அவர்தம் சந்ததியினரை 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இந்நாட்டுக்கு அந்நியராக்கியது. 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் 9,75,000 மனிதரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பிற்பாடு பேசித் தீர்ப்பதற்கு எனப் பகிர்ந்துகொண்டனர். எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் நிறைவேறியது 2003இல். பிறந்த மண்ணிலேயே வேற்றுக்கிரகவாசிகளாக வாழ்வது எத்தகையது என்பதை அறிய, மாத்தளை மாவட்டத்தார் வானத்தைப் பார்க்கவேண்டியதில்லை.

இவ்விரு திசைச் சான்றுகளையும் ஒருங்கே வைத்து நோக்கும்போது முரண்பாடொன்று தோன்றலாம். கோட்டையும் அந்தமானும் வேற்றாரை ஐயுறச் சொல்கின்றன. கிறீஸ் பூதமும் பிரசாவுரிமைச் சட்டமும் வேற்றாரை ஐயுறுவதன் கொடுமையைக் காட்டுகின்றன. எதைக் கொள்வது? இம்முரண்பாடு மேலோட்டமானதே. ஐயுற வேண்டியது வேற்றாரை அன்று, கட்டற்ற வலிமையை. போர்த்துக்கேயர் வந்தபோது வலிமை வந்தவர் கையில் இருந்தது. தோட்டத் தொழிலாளர் வந்தபோது வலிமை இருந்தவர் கையில் இருந்தது. இரு சந்திப்புக்களிலும் எளியவரே துன்புற்றனர். வந்தவனா, இருந்தவனா என்பது அறத்தின் அளவுகோலன்று; வலிமையை உடையவன் தன்னை அடக்கிக்கொள்கிறானா என்பதே அளவுகோல்.

முடிவாகக் கொள்ளத்தக்கது

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். தெரிந்துதெளிதலுக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். முன்னையது இல்வாழ்வானுக்குக் கூறியது. பின்னையது ஆள்வோனுக்குக் கூறியது. வாசலில் நிற்பவனுக்கு உணவிடுவதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை. பலருடைய வாழ்வை ஒருவன் கையில் ஒப்படைப்பதற்கு ஆராய்ச்சி இன்றியமையாதது. வேற்றுலகத்தார் பற்றிய கொள்கையும் இவ்விரண்டையும் கொண்டதாக அமைதல் வேண்டும். வந்தவரைக் கண்டவுடன் சுடும் கோழைத்தனமும் வேண்டாம். கண்டவுடன் தெய்வமாக்கித் தொழும் பேதைமையும் வேண்டாம். ஆதாரமின்றி நம்பாமை, உலகத்தாரைக் கேளாது அழையாமை, வந்தவரைத் தம் பகைவருக்கு எதிரான கருவியாகக் கருதாமை, வலிமை தம் கையில் இருக்கும்போது தொடாது விலகி நிற்கவும் அறிந்திருத்தல் ஆகிய நான்கும் போதுமான தொடக்கமாகும். வட சென்டினல் தீவை அணுகுவதை இந்திய அரசு சட்டத்தால் தடைசெய்து, தொலைவில் நின்று காவல் மட்டுமே புரிகின்றது. வலியவர் தம்மை அடக்கிக்கொள்ள இயலும் என்பதற்கு அஃதோர் அரிய சான்று.

சந்திப்பெல்லாம் அழிவிலேயே முடியும் என்று கொள்வதும் உண்மைக்கு மாறானது. நாவுலவுக்குத் தெற்கே அண்மையில், இலங்கையின் நடுப்புள்ளி எனக் கருதப்படும் இடத்தில், நாலந்தா கெடிகே என்னும் கற்கட்டடம் நிற்கிறது. அதன் வடிவம் மாமல்லபுரத்துக் கோயில்களை நினைவூட்டும். அது பௌத்த வழிபாட்டுக்குரிய இடம். கடல் கடந்து வந்த கலையும் இத்தீவில் வேரூன்றிய சமயமும் அங்கே சந்தித்தன. ஒன்று மற்றொன்றை விழுங்கவில்லை. மகாவலித் திட்டத்தின் போவதென்ன நீர்த்தேக்கத்தால் அது மூழ்கும் நிலை வந்தபோது, கல்லுக்குக் கல் இலக்கமிட்டுக் கழற்றி, நீர்மட்டத்துக்கு மேலே மீண்டும் அடுக்கினர். கற்களிடம் காட்டப்பட்ட இந்தப் பொறுமை, அதே சாலையால் நடந்து வந்த மனிதரிடம் காட்டப்படவில்லை.

விண்ணிலிருந்து எவரேனும் ஒருநாள் வரக்கூடும். எவரும் வாராமலும் போகலாம். வருவாராயின் அவர்கள் மனிதரிடம் கேட்கக்கூடிய முதற் கேள்வி, உங்களிலும் எளியவரை நீங்கள் எவ்வாறு நடத்தினீர்கள் என்பதாகவே இருக்கலாம். அவர்களை நோக்கி மனிதர் மனத்துள் எழும் முதற் கேள்வியும் அதுவே. விடை சொல்லத் தகுதி பெறுவதற்கு விண்கலம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.